வழக்குரைஞர் ஒருவர் வயலுக்கு வந்த வரலாறு

சில மாதங்களுக்கு முன்னர் நாம் ஆய்வுக்காகச் சென்றிருந்த சங்கமொன்றின் மகாசபைக் கூட்டத்தில், மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை எழுப்பினார். “ஐயா, நெல் விளைவிப்பவன் நான், தறியில் உட்காருகிறவன் என் பக்கத்து வீட்டுக்காரன். ஆனால் நெல்லுக்கும் நூலுக்கும் விலை சொல்லுகிறவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள். அவர்களுக்கு எங்கள் பாடு எப்படித் தெரியும்?” என்றார் அவர். சபையில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் அவர் சிரிக்கவில்லை. அன்று நேரமின்மையால் நாமும் சுருக்கமாகவே விடை கூறி அமர்ந்தோம். அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அதனைச் சற்று விரிவாக இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஒரு மனிதரின் பொது வாழ்வைக் கொண்டு இதனை விளக்குவது எளிது. வழக்குரைஞராய்த் தொடங்கி, மாநில அரசிலும் பின்னர் மத்திய அரசிலும் அமைச்சராய் இருந்து, நாட்டின் உணவு நிலைமையையே மாற்றியமைத்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய சி. சுப்பிரமணியம் அவர்களே அம்மனிதர். அவரைப் புகழ்ந்து மாலை சூட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் செய்தது என்ன, எவ்வாறு செய்தார், எதனை விட்டுச் சென்றார், அதில் நம் சங்கங்களுக்குரிய பாடம் யாது என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

இளமையும் தொழிலும்

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையம் என்னும் சிற்றூரில், 1910-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், உழவுக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, அதன்பின் சட்டம் கற்றுக் கோவையில் வழக்குரைஞராகத் தொழில் நடத்தினார். தேச விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். நாடு விடுதலை அடைந்த காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார்.

பௌதிகமும் சட்டமும் சேர்ந்த இக்கல்வியை அன்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். விஞ்ஞானம் பயின்றவர் சோதித்துப் பார்க்காமல் எதனையும் ஒப்புக்கொள்வதில்லை. நல்ல வழக்குரைஞரோ தமக்குத் தெரியாத துறையிலும் தெரிந்தவரை அழைத்து வினாவி, இரு பக்கத்து வாதங்களையும் எடைபோட்டு, ஒரு முடிவைக் காண்கிறார். மருத்துவம் பற்றிய வழக்கில் அவர் மருத்துவராக வேண்டுவதில்லை. மருத்துவரைச் சரியான கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். பின்னாளில் இவர் விவசாய விஞ்ஞானிகளை நடத்திய முறைக்கு வித்து இங்கேதான் இடப்பட்டது எனலாம்.

மாநில அரசில் பத்தாண்டுகள்

1952 முதல் 1962 வரை பத்தாண்டுகள் அவர் சென்னை மாநில அமைச்சராயிருந்தார். நிதி, கல்வி, சட்டம் முதலான துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. இராஜாஜியின் அமைச்சரவையில் அவர் பணி தொடங்கியது. 1954-இல் இராஜாஜி பதவி விலகியபோது, சட்டசபைக் காங்கிரஸ் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்றவர் இவரே. தோல்வி இவர் பக்கம் வந்தது. ஆயினும் வென்ற காமராஜர், தம்மை எதிர்த்தவரையே தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். இவரும் மனக்கசப்பின்றி எட்டாண்டுகள் அவருடன் உழைத்தார்.

நிர்வாகக் குழுத் தேர்தல் முடிந்த மறுநாளே, தோற்றவர் சங்கத்தின் வாசலை மிதிப்பதில்லை என்று சபதமெடுக்கும் காட்சியை நாம் எத்தனை ஊர்களில் கண்டிருக்கிறோம்! வென்றவரும் தோற்றவரும் ஒரே மேசையில் அமர்ந்ததனால் அன்று மாநிலம் அடைந்த நன்மைகளுள் ஒன்று பள்ளி மதிய உணவுத் திட்டமாகும். 1956-இல் தொடங்கிய அத்திட்டம், ஊர் மக்களின் நன்கொடையையும் அரசாங்கத்தின் பங்கையும் ஒன்றுசேர்த்து நடத்தப்பெற்றது. காமராஜர் முதலமைச்சராகவும், சுப்பிரமணியம் நிதிக்கும் கல்விக்கும் பொறுப்பாளராகவும் இருந்த காலம் அது.

இக்காலத்திலேயே, 1960-61-இல், தஞ்சை மாவட்டத்தில் தீவிர சாகுபடித் திட்டம் தொடங்கிற்று. இந்தியாவில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. பஞ்சாபின் லூதியானா மற்றொன்று. விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு, கடன் ஆகியவற்றைத் தனித்தனியே தராமல், ஒரே கட்டாக, ஒரே பருவத்தில், கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக உழவனுக்குக் கொடுப்பதே அதன் தத்துவம். ஒன்று வந்து மற்றொன்று வராவிட்டால் யாவும் வீண் என்னும் பாடத்தை இத்திட்டம் கற்பித்தது.

மாநிலமும் மத்தியமும்

இங்கே ஓர் அரசியலமைப்பு விவரத்தைக் கூறவேண்டும். விவசாயமும் கூட்டுறவுச் சங்கங்களும் மாநிலப் பட்டியலில் அடங்கியவை. ஆனால் உரம் இறக்குமதி செய்வதற்கு வேண்டிய அந்நியச் செலாவணியும், மாநிலம் விட்டு மாநிலம் தானியம் நகர்வதும், நாடு முழுவதற்குமான ஆதரவு விலையும் மத்திய அரசின் கையில் உள்ளன. வயல் ஒரு பக்கம், பணப்பெட்டி மறுபக்கம். இரண்டையும் அறிந்தவர் ஒருவர் நடுவில் இல்லையெனில் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும். பத்தாண்டுகள் மாநில நிதியமைச்சராயிருந்து மத்திய அரசிடம் பணம் கேட்ட பக்கத்தில் நின்றவர், பின்னர் கொடுக்கும் பக்கத்திற்குச் சென்றார் என்பதே சுப்பிரமணியம் அவர்களின் தனிச்சிறப்பு.

1962-இல் பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நேருவின் அமைச்சரவையில் எஃகுத் துறையை ஏற்றார். 1964-இல் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது உணவும் விவசாயமும் இவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அரசியல்வாதிகள் அஞ்சி விலகிய துறை அது. ஏற்றவர்க்கெல்லாம் பழியே மிஞ்சிய துறையும் அதுவே.

அன்றைய நிலைமை

அந்நாளில் அமெரிக்காவிலிருந்து சலுகை முறையில் வந்த கோதுமையை நம்பியே நம் நகரங்களின் பங்கீட்டுக் கடைகள் நடந்தன. 1964-65-இல் நாட்டின் உணவு தானிய விளைச்சல் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன். மறு ஆண்டில் மழை பொய்த்தது. விளைச்சல் சுமார் 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. 1966-இல் இறக்குமதியான தானியம் 1 கோடி டன்னைத் தாண்டியது. அமெரிக்க அரசோ நீண்டகால ஒப்பந்தம் செய்யாமல் கப்பல்களைச் சிறுகச் சிறுகவே விடுவித்தது. அடுத்த கப்பல் வருமா வராதா என்று ஒரு தேசம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடன்காரன் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடப்பவனின் மனநிலை எத்தகையது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இந்நிலைமைக்கு மழை மட்டுமா காரணம்? அன்று, நகரத்தார்க்கு மலிவாக உணவு கிடைக்கவேண்டும் என்பதற்காக விளைபொருள் விலை தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. விளைச்சல் குறைந்தாலும் உழவனுக்கு நட்டம். விளைச்சல் பெருகினாலும் விலை விழுந்து நட்டம். அத்தகைய உழவன் கடன் வாங்கி உரம் போடுவானா? உழவன் கணக்குத் தெரியாதவன் அல்லன். இலாபம் உண்டென்று கண்டால் புதுமுறையைத் தானே கைக்கொள்வான் என்பதே சுப்பிரமணியம் அவர்களின் வாதத்திற்கு அடிப்படை.

செய்த பணிகள் மூன்று

முதலாவது, விலை. எல். கே. ஜா தலைமையில் 1964-இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன் நிறுவப்பட்டது. சாகுபடிச் செலவு முதலியவற்றை ஆராய்ந்து, இன்ன பயிருக்கு இன்ன விலை தகும் என்று அரசுக்குப் பரிந்துரைப்பது அதன் கடமை. அதன் பெயர் 1985-இல் சற்று மாறினும் அப்பணி இன்றும் நடைபெறுகிறது. கமிஷன் பரிந்துரைக்கும்; முடிவு செய்வது அரசாங்கமே.

இரண்டாவது, கொள்முதல். விலையை அறிவித்துவிட்டால் மட்டும் போதுமா? அவ்விலைக்கு வாங்குவோர் ஒருவர் களத்து மேட்டில் வந்து நிற்கவேண்டும். இல்லையெனில் அறிவிப்பு சுவரில் ஒட்டிய காகிதமே. இதற்காகவே 1965 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளில், இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பெற்றது. அதன் தலைமையிடம் முதலில் சென்னையிலும், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையிலும் அமைந்தன என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். விலைக் கமிஷனும் உணவுக் கழகமும் வண்டியின் இரு சக்கரங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று உருளாது.

மூன்றாவது, விதையும் விஞ்ஞானமும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை வகைகளை, டெல்லியில் எம். எஸ். சுவாமிநாதன் முதலிய விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து நம்பிக்கை கொண்டிருந்தனர். பழைய நெட்டை வகைக்கு உரத்தை மிகுதியாக இட்டால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். குட்டை வகையோ உரத்தை ஏற்று நிமிர்ந்து நிற்கும். வேறுபாடு இதுவே. ஆனால் இவ்விதைக்கு நீரும் உரமும் வேண்டும். உரத்திற்கு அந்நியச் செலாவணி வேண்டும். அதனை இறுக்கிப் பிடித்திருந்தார் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி.

அமைச்சரவைக்குள் வாதம் மூண்டது. வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது. அந்நிய விதையையும் அந்நிய உரத்தையும் நம்பினால் நாடு அடிமைப்படும் என்றனர் சிலர். நீர்வளமுள்ள பெரு நிலக்காரர்களே பயனடைவர், ஏழைக்கும் செல்வர்க்கும் இடைவெளி பெருகும் என்றனர் வேறு சிலர். இவ்வாதங்கள் வெறும் பிடிவாதம் அல்ல; அவற்றில் பொருள் இருந்தது. சுப்பிரமணியம் அவர்கள் வழக்குரைஞருக்குரிய பொறுமையோடு அவற்றைக் கேட்டார். ஆனால் கப்பலுக்காகக் காத்திருப்பதைவிடப் பெரிய அடிமைத்தனம் எது என்பது அவர் திருப்பிக் கேட்ட வினா.

வாதத்தோடு அவர் நிற்கவில்லை. உழவர் நிலங்களிலேயே செயல்விளக்க வயல்களை அமைக்கச் செய்தார். டெல்லியில் தம் அரசாங்க மாளிகைத் தோட்டத்திலேயே புதிய கோதுமையை விதைத்து வந்தோர்க்கெல்லாம் காட்டினார். விவசாய ஆராய்ச்சிக் கழகத்தைச் சீர்திருத்தி, அதன் தலைமைக்கு நிர்வாக அதிகாரிக்குப் பதிலாக பி. பி. பால் என்னும் விஞ்ஞானியைக் கொணர்ந்தார். பி. சிவராமன் துறைச் செயலாளராய் உறுதுணை நின்றார். 1965-இல் 250 டன் விதை வந்தது. 1966-இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து கப்பலேறியது. அதுவரையில் உலகில் எந்நாடும் அத்துணை விதையை ஒரே முறையில் வாங்கியதில்லை. அது பயன் தராமற் போயிருந்தால் அவர் பெயர் என்னவாகியிருக்கும் என்பதை அன்பர்களே எண்ணிப் பாருங்கள்.

அவர் உணவமைச்சராயிருந்த அதே 1965-இல்தான், குஜராத்தின் ஆனந்த் நகரில், கூட்டுறவு முறையை நாடெங்கும் பரப்பும் நோக்குடன் தேசியப் பால்வள வாரியமும் அமைந்தது என்பதனைக் கூட்டுறவாளர்கள் மறத்தலாகாது.

பதவியைத் துறந்த ஒரு நாள்

இப்பணிகளுக்கு நடுவே ஒரு சோதனை நேர்ந்தது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்தது, உயிர்கள் பலியாயின. பிப்ரவரி 11-ஆம் நாள் சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளைத் துறந்தனர். நேரு அளித்த வாக்குறுதி காக்கப்படும் எனப் பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதி கூறினார். அதன்மேல் இருவரும் விலகலைத் திரும்பப் பெற்றனர். மத்திய அமைச்சர் என்பவர் தம் மாநில மக்களின் குரலை டெல்லிக்குக் கேட்கச் செய்யவும் கடமைப்பட்டவர் என்பதற்கு இது சான்று. அன்று அவர் திரும்பாமலே போயிருந்தால், விதைக் கப்பல் வந்திருக்குமா என்பதும் சிந்திக்கத் தக்கது.

விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை

1967 பொதுத் தேர்தல் வந்தது. அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டத்தின் வடுவும் தமிழகத்தில் ஆறவில்லை. கோபிசெட்டிப்பாளையம் தொகுதியில் நின்ற உணவமைச்சர் தோற்றார். அமைச்சர் பதவியும் நீங்கிற்று.

மறு ஆண்டு, 1968-இல், வடநாட்டில் கோதுமை அறுவடையாயிற்று. அதற்கு முந்தைய உச்ச விளைச்சல் சுமார் 1 கோடியே 23 லட்சம் டன். அவ்வாண்டிலோ சுமார் 1 கோடியே 65 லட்சம் டன்! மூட்டைகளை அடுக்க இடமின்றிப் பள்ளிக்கூடக் கட்டடங்களையும் கிடங்குகளாக்கினர். “கோதுமைப் புரட்சி” என்று அரசாங்கம் தபால் தலையே வெளியிட்டது. அந்நேரத்தில் அதற்கு அடிகோலியவர் அமைச்சரும் அல்லர். மக்களவை உறுப்பினரும் அல்லர். நெல்லுக்கும் இதுபோன்ற குட்டை வகைகள் வந்து, பின்னாளில் நம் காவிரிப் படுகையிலும் விளைச்சல் பெருகிற்று.

பின்னர் 1971-இல் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்குச் சென்று, மத்திய திட்ட அமைச்சராகவும், அதன்பின் 1977 வரை நிதியமைச்சராகவும் பணியாற்றினார். கிராமத்துச் சிறு உழவர்க்கும் கைத்தொழிலாளர்க்கும் கடன் வழங்குவதற்கென வட்டார கிராம வங்கிகள் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்றது அக்காலத்திலேயே. நெருக்கடி நிலை நடந்த அவ்வாண்டுகளில் அவர் அமைச்சரவையில் நீடித்ததனைக் குறை கூறுவோரும் உளர். வரலாற்றில் அதுவும் ஒரு பக்கமே. 1979-இல் சிறிது காலம் பாதுகாப்பு அமைச்சராயிருந்தார். 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிர ஆளுநராயிருந்தார். 1998-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 2000 நவம்பர் 7-ஆம் நாள் காலமானார்.

தீராத கணக்கு

அன்று எதிர்த்தோர் சொன்னவை யாவும் பொய்யாயினவா எனின், இல்லை. நீர்வளமும் முதலும் உள்ளோர் முதலில் பயன் பெற்றனர்; மானாவாரி நிலத்துச் சிற்றுழவன் பின்தங்கினான். பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் இறங்குகிறது. பல இடங்களில் யூரியாவை மிகையாக இட்டு மண் வளம் கெட்டது. பசியைத் தீர்க்க எடுத்த மருந்து, அளவு மீறிய இடத்தில் வேறு நோயைத் தந்தது. இந்தக் கணக்கை நேராக்கும் பொறுப்பு இன்றைய தலைமுறையைச் சார்ந்தது.

ஏழை பின்தங்கியதற்கு விதை மட்டுமே காரணமன்று. நாம் ஆய்வு செய்த ஒரு சங்கத்தில் நடந்ததைக் கூறுகிறோம். உரம் வாங்குவதற்கான தீர்மானத்தை நிறைவேற்றக் கூட்டிய நிர்வாகக் குழுவில் கோரம் இல்லை. மறு கூட்டத்திலும் இல்லை. மூன்றாம் கூட்டத்தில் தீர்மானமாகி மூட்டைகள் வந்திறங்கியபோது, பயிர் தூர் கட்டும் பருவம் கடந்துவிட்டது. கையில் பணமிருந்தவர்கள் முன்னரே தனியார் கடையில் வாங்கி மேலுரம் இட்டிருந்தனர். சங்கத்தையே நம்பியிருந்த சிற்றுழவர்கள் மட்டும் வெளுத்த பயிரைப் பார்த்து நின்றனர். டெல்லியில் எத்துணை பெரிய திட்டம் தீட்டினாலும் அது நம் ஊரில் ஐந்து பேர் ஒரு மாலை வேளையில் கூடுவதைப் பொறுத்தே பலிக்கிறது. ஆய்வாளராகிய நாமும் அச்சங்கத்திற்கு முன்னரே சென்றிருக்க வேண்டும். அப்பிழையில் நமக்கும் பங்குண்டு.

நமக்குரிய பாடம்

இனி அந்த மூத்த அங்கத்தினரின் வினாவுக்கு வருவோம். வக்கீலுக்கு நம் பாடு எப்படித் தெரியும்? நாம் சொன்னால் தெரியும். கணக்கோடு சொன்னால் நன்றாகத் தெரியும். வழக்குரைஞரிடம் செல்லும்போது பத்திரங்களைக் கையோடு கொண்டு செல்கிறோம் அல்லவா? அவ்வாறே, ஒரு ஏக்கருக்கு உழவுக் கூலி, விதை, உரம், நடவு, களை, அறுவடை ஆகிய செலவுகளை ஒவ்வோர் அங்கத்தினரும் எழுதி வைத்தல் வேண்டும். நெசவாளராயின் நூல், சாயம், பாவு ஓட்டும் கூலி, நெசவுக் கூலி, விற்காமல் தேங்கிய துணியின் வட்டி ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். நூறு பேரின் கணக்கை ஒன்றுசேர்த்துச் சங்கம் தீர்மானமாக அனுப்பினால், அதற்கு முன் எந்த அமைச்சரும் வெறும் கையோடு நிற்க இயலாது. கணக்கில்லாத குறை புலம்பலாகவே முடியும். கணக்குள்ள குறை வழக்காகும்.

தேர்தலில் எதிர்த்தவரோடு மறுநாள் கூடி உழைப்பதும், அறிந்தவரை அழைத்துக் கேட்பதும், கேட்டதை ஒரு துண்டு நிலத்தில் சோதித்துப் பார்ப்பதும் நிர்வாகக் குழுவினர் கற்கவேண்டியவை. இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

முடிவாக ஒன்று. நிர்வாகக் குழுவின் காலம் சில ஆண்டுகளே. இன்று தொடங்கும் கிடங்கோ, விதைப் பண்ணையோ, சாயப் பட்டறையோ அடுத்த குழுவின் காலத்தில்தான் பயன் தரும். பெயர் பிறருக்குப் போகும். அதற்காக விதைக்காமல் இருக்கலாமா? தென்னங்கன்று வைக்கும் முதியவர் இளநீருக்காகவா வைக்கிறார்? அடுத்த மகாசபைக்கு வரும்போது, அங்கத்தினர்கள் யாவரும் தத்தம் செலவுக் கணக்கைக் கையோடு கொணர்வார்களாக. அதனைச் சேர்த்துத் தொகுத்து மேலிடத்திற்கு அனுப்பும் பணியில் நாமும் உடன் அமர்ந்து உதவக் காத்திருக்கிறோம்.